ஜியாரத்துக்கு அரை நாள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸலாம். போன மாத இதழில் வந்த, மக்காவுக்குப் போகும் உம்ரா புனிதப் பயணம் பற்றிய கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். விசா, உம்ரா அனுமதிக்கான நுசுக் செயலி, சூட்கேஸ் எடை, ஹரமுக்கு (மக்காவின் பெரிய பள்ளிவாசலுக்கு) பக்கத்தில் அறை எடுப்பது என்று எல்லாமே உபயோகமான தகவல்கள். ஆனால் ஜியாரத் (புனித, வரலாற்று இடங்களைப் போய்ப் பார்ப்பது) பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: அரை நாள் பேருந்துச் சுற்று, கட்டணத்தில் அடக்கம். அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் அந்த அரை நாளை அனுபவித்தவர்கள். மதீனாவில் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினோம். குபா பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழ நேரம் தந்தார்கள், சரி. கிப்லதைன் பள்ளிவாசலை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் காலத்துப் போர்க்களமான உஹதில் இருபது நிமிடம். அப்புறம் பேரீச்சந்தோட்டம் என்று சொல்லி ஒரு கடையில் இறக்கிவிட்டார்கள். அங்கே மட்டும் ஒன்றே கால் மணி நேரம்! கடைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை, நானும் மூன்று கிலோ அஜ்வா வாங்கினேன். உஹதுக்குக் கிடைத்த இருபது நிமிடம்தான் மனதை உறுத்துகிறது.

நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவள். போர் என்றால் கரும்பலகையில் கோடு போட்டு, அம்புக்குறி இழுத்துத்தான் பழக்கம். உஹதில் அந்தப் படமே கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் செந்நிற மலை நீளமாகப் படுத்திருக்கிறது. அதற்கு எதிரே ஒரு சின்னக் குன்று, வில்லாளிகள் நின்ற ஜபலுர் ருமாத். கி.பி. 625இல் நபி (ஸல்) அவர்கள் ஐம்பது வில்லாளிகளை அதில் நிறுத்தி, என்ன நடந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வெற்றி கிடைத்துவிட்டதென்று நினைத்துப் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அப்போது குறைஷியர் பக்கம் இருந்த காலித் பின் வலீத் குதிரைப்படையோடு பின்னால் சுற்றி வந்துவிட்டார். ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது பேர் ஷஹீதானார்கள் (உயிர்த்தியாகம் செய்தார்கள்). சின்ன வயதிலிருந்து பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்ட சம்பவம்தான். ஆனாலும் அந்தக் குன்று இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மேலே போய் நின்று பார்த்தபோதுதான், இந்த ஒரு மேட்டை விட்டால் முதுகுப்புறம் முழுக்கத் திறந்துவிடும் என்பது விளங்கியது. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஏறவே இல்லை. கீழே பல் துலக்கும் மிஸ்வாக் குச்சிக்குப் பேரம் முடிவதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மதீனாவின் அடக்கத்தலமான ஜன்னத்துல் பகீக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஆண்கள் உள்ளே போயிருந்தபோது நாங்கள் வெளியே நின்று ஸலாம் சொன்னோம்.

மறுநாள் அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு நாங்கள் இருவரும் தனியாகக் கிளம்பி ஹிஜாஸ் ரயில் நிலையத்துக்குப் போனோம். நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவியிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் எங்கள் நிகழ்ச்சி நிரலில் அதன் பெயரே இல்லை. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900இல் டமாஸ்கஸில் தொடங்கிய பாதை, சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து 1908இல் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன் அந்தத் தூரத்தை ஒட்டகத்தில் கடக்க நாற்பது நாள் ஆகுமாம். இந்தப் பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினார்கள். நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேர் முடிச்சு அவிழ்த்திருப்பார்களோ! பாதையை மக்கா வரை நீட்டும் எண்ணம் நிறைவேறவே இல்லை. முதல் உலகப்போரில் பல இடங்களில் தண்டவாளத்தைத் தகர்த்துவிட்டார்கள். மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் ஹரமைன் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது 2018இல், அதாவது 110 வருடம் கழித்து. நிலையத்தை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் போன நேரம் கதவு மூடியிருந்தது. முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம், அதற்கே மனம் நிறைந்துவிட்டது.

மக்காவிலும் இதே கதைதான். ஹஜ்ஜின்போது ஹாஜிகள் கூடும் அரஃபாத் மைதானத்தில் எல்லோரும் ஜபலுர் ரஹ்மா குன்றின் மேல் ஏறிப் படம் எடுத்தார்கள். மலையடிவாரத்தில் ஓடும் பழைய கல் வாய்க்காலை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா, ஹாஜிகள் தாகத்தில் தவிப்பதைப் பார்த்துத் தம் சொந்தப் பணத்தில் வெட்டிய கால்வாயின் மிச்சம் அது. நான் பாளையங்கால்வாய்க் கரையில் வளர்ந்தவள். பாறையைக் குடைந்து, வாட்டம் பார்த்து, அந்த வறண்ட மலைகளுக்கு நடுவே தண்ணீரைக் கொண்டுவருவது என்ன பாடு என்று கொஞ்சம் தெரியும். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் செய்த வேலை என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொன்னேன். பிறகு அவர்களும் வந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள்.

எல்லாமே மிச்சமிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஹரமுக்கு எதிரே 601 மீட்டர் உயரத்தில் நிற்கிறதே மணிக்கூண்டுக் கோபுரம், அந்த வளாகத்துக்காக 18ஆம் நூற்றாண்டின் அஜ்யாத் கோட்டையை 2002இல் இடித்தார்கள். துருக்கி அப்போது கண்டனம் தெரிவித்தது. இருப்பதையாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் அவசரப்படுவது இதனால்தான். ஹிரா குகை இருக்கும் நூர் மலையில் ஏற முடியாத வயதானவர்களுக்கு, அடிவாரத்தில் 2023இல் திறந்த ஹிரா பண்பாட்டு வளாகம் இருக்கிறது. இதுவும் பேருந்துக்காரர்களின் கண்ணில் படவில்லை.

எங்கள் குழுவோடு வந்த ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) இதைச் சொன்னேன். “இதெல்லாம் இபாதத் இல்லம்மா, வந்த வேலையைப் பார்ப்போம்” என்றார். இபாதத் என்றால் இறைவணக்கம். அவர் சொல்வது நியாயம்தான். குன்றையும் குகையையும் வணங்கும் இடமாக ஆக்கிவிடக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் பூமியில் சுற்றிப் பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறதே. ஒன்றே கால் மணி நேரம் கடையில் நிற்பது மட்டும் இபாதத்தா? இதை அவரிடம் கேட்க வாய் வரவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

பயண நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜியாரத்துக்கு முந்தைய இரவு, இஷா (இரவுத்) தொழுகைக்குப் பிறகு ஹோட்டல் வரவேற்பறையில் அரை மணி நேரம் உட்காரவைத்து, நாளை என்ன பார்க்கப் போகிறோம் என்று சொல்லட்டும். உஹதுக்கு ஒரு மணி நேரம் தரட்டும். ஜித்தாவில் விமானம் ஏறுகிற குழுக்கள், நேரம் இருந்தால், பழைய நகரமான அல்பலதில் ஒரு மாலை நடக்கலாம். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர், பவளக்கல்லில் கட்டிய உயர உயரமான வீடுகள். பம்பாயிலிருந்து கப்பலில் போன என் பாட்டனார் கரையிறங்கிய ஊரும் அதுதான்.

அடுத்த முறை உம்ரா கட்டுரை போடும்போது இவற்றையெல்லாம் காட்டும் ஒரு வரைபடத்துக்குக் கால் பக்கம் ஒதுக்குங்கள். வேண்டுமானால் நானே வரைந்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மேலப்பாளையம், திருநெல்வேலி