அரசு கொடுத்த சான்றை அரசே திரும்பக் கேட்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு சேவைகளின் வருங்காலம் பற்றி வரும் செய்திகளில் புதிய செயலி, வாட்ஸ்ஆப் சேவை, செயற்கை நுண்ணறிவு ஆகியவைதான் பெரிதாகப் பேசப்படுகின்றன. கிராம நிர்வாக அலுவலராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, முதலில் தீர்க்க வேண்டியது வேறொன்று என்று படுகிறது. அரசு தானே கொடுத்த சான்றிதழை மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை நிறுத்த வேண்டும்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எந்த இ-சேவை மையத்துக்கும் போய்ப் பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று பிள்ளைகளும் பெற்றோரும் காத்துக் கிடப்பார்கள். மனு வி.ஏ.ஓ.விடம் வந்து, வருவாய் ஆய்வாளரைத் தாண்டி, வட்டாட்சியர் அலுவலகம் போக வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் மனு திரும்பி வரும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இன்னொரு நாள் கூலி போகும். இவ்வளவுக்கும் பிறகு கைக்கு வரும் சான்றில் மின் கையொப்பமும் க்யூஆர் குறியீடும் இருக்கின்றன. அதன் எண்ணைக் கொண்டு உண்மைத்தன்மையை இணையத்திலேயே பார்த்துவிடலாம். ஆனாலும் அதை அச்செடுத்து, ஸ்கேன் செய்து, கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு முறை பதிவேற்ற வேண்டும், உதவித்தொகைக்கு இன்னொரு முறை. நகல்களில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் இடங்களும் உண்டு. வருமானச் சான்றுக்கு ஓராண்டுதான் ஆயுள் என்பதால், அடுத்த ஆண்டு மறுபடியும் அதே வரிசை.

இதை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது, வருமானச் சான்றோ நில ஆவணமோ இணைக்கத் தேவையில்லை என்று அரசே அறிவித்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனைகளை அரசு தன் கையில் இருந்த தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்தத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். பத்திரப் பதிவிலும், உட்பிரிவு தேவைப்படாத நிலமாக இருந்து விற்றவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால், தானாகவே பட்டா மாறுகிறது. அம்மாவுக்குச் செய்ய முடிந்ததைக் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஏன் செய்யக் கூடாது?

எஸ்டோனியா என்ற சின்ன நாட்டில் 2001-லிருந்தே துறைகளின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு துறையிடம் உள்ள தகவலை இன்னொரு துறை மக்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே விதி. தன் விவரத்தை எந்த அலுவலகம் எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமகனும் பார்க்க முடியும். இந்த இரண்டாவது ஏற்பாட்டை நாம் விட்டுவிடக் கூடாது. உதவித்தொகைப் பிரிவுக்குத் தெரிய வேண்டியது குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே. குடும்பத்தின் முழு விவரமும் அங்கே இருப்பவரின் திரையில் விரியத் தேவையில்லை.

தரவு தவறாக இருந்தால் என்ன செய்வது என்ற கவலை எனக்கும் உண்டு. இறந்தவர் பெயரிலேயே நிற்கும் பட்டாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கணினி மறுத்தால் அதற்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். திருத்தம் கேட்க தாலுகா அலுவலகத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். போனும் ஓ.டி.பி.யும் கைவராத முதியவர்களுக்கு அந்த ஜன்னல் எத்தனை ஆண்டு ஆனாலும் திறந்தே இருக்கட்டும்.

அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கை தொடங்குவதற்குள், அரசுக் கல்லூரிகளிலும் உதவித்தொகைத் தளங்களிலும் சான்றிதழ் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை வருவாய்த் துறைத் தரவிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அரசாணை வர வேண்டும். இதைத் தலைமைச் செயலாளரின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டு செல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.