நீயாக நிறுத்திவிடாதே

பட்டர்வொர்த்

அன்புள்ள ஐயா,

நீ சூப்பர்வைசர் ஆனது அக்கா சொல்லித்தான் தெரிந்தது. பெருமையாக இருக்கிறது. ஒரு போன் போட்டு நீயே சொல்லியிருக்கலாம்.

தீபாவளிப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் உனக்கு உடம்பு போட்டிருக்கிறது என்கிறார்கள். கை கால் மெலிந்தே இருக்க, கன்னம் மட்டும் உருண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பந்தியம்மாவைக் குறை சொல்வதாக நினைக்காதே, மருமகளிடமும் அப்படிச் சொல்லிவிடாதே. முட்டிவலி தீரட்டும் என்றுதான் அந்த ஜாமு (மலாய் நாட்டு மூலிகை மருந்து) மாத்திரையைக் கொடுத்தார். ஆனால் வருஷக்கணக்கான வலி இரண்டே நாளில் ஓடி, பசியும் கூடினால், அதில் டெக்சாமெத்தசோன் கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். அது ஸ்டீராய்டு; கன்னம் உருள்வதும் அதனால் இருக்கலாம். அதில் 0.75 மில்லிகிராமே, பிரட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் 5 மில்லிகிராமுக்குச் சமம். டாக்டர் கொடுத்தால் அளவோடு கொடுப்பார். பக்கவிளைவு தெரிந்து சர்க்கரை, பிரஷர், வயிறு, எலும்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். 'பக்கவிளைவு இல்லை' என்று போட்ட புட்டியை நம்பினால் யாருமே எதையும் பார்க்க மாட்டார்கள்.

புட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா? பாரம்பரிய மருந்தென்றால் எண் 'டி' (T) எழுத்தில் முடியும். போலி எண்ணும் அச்சடிக்கிறார்கள்; மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அதே பெயர் வருகிறதா பார். பதிவு பெற்றதிலும் கலப்படம் பிடிபட்டு, பதிவை ரத்து செய்ததுண்டு.

இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே நிறுத்திவிடாதே ஐயா. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் வாந்தி, தலைச்சுற்றல், பிரஷர் இறக்கம் வரலாம். காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி வந்தால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், முதலில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்.

இல்லையென்றால் இந்த வாரமே புட்டியோடு அரசாங்க கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போ. ஒரு ரிங்கிட்தான். எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று மறைக்காமல் சொல். அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோலைப் பார்க்க, காலை எட்டு மணிக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டுமா, சர்க்கரை எப்படி என்று கேள். அளவான ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வலிக்கு டைக்லோஃபெனாக் நீயாக வாங்காதே. ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றுப்புண்ணாகி ரத்தம் கசியலாம்.

மிச்ச மாத்திரையை எறியாதே, சோதனைக்குக் கேட்கலாம். மறுபடியும் சொல்கிறேன், நீயாக நிறுத்தாதே.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. அதெல்லாம் அப்புறம். டாக்டர் சொன்னதை அன்றைக்கே போன் போட்டுச் சொல்.

அம்மா