இரண்டு கடவுச்சீட்டு உள்ளவர் எந்த வழியில் ஹஜ்ஜுக்குப் போவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்கள் இலங்கை வழியாகவோ தாங்கள் வசிக்கும் நாட்டின் வழியாகவோ, எது மலிவோ அதில் ஹஜ்ஜுக்குப் பதிந்துகொள்ளலாம் என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். இலண்டனில் குடியிருந்து, இலங்கை, பிரித்தானியா இரண்டினதும் கடவுச்சீட்டை வைத்திருப்பவன் நான். அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அண்மைய ஆண்டுகளில் இலங்கைக்குக் கிடைத்துவரும் ஹஜ் கோட்டா, அதாவது ஓர் ஆண்டில் போக அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கை, 3,500. நாட்டில் முஸ்லிம்களோ, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே, ஏறத்தாழ 20 இலட்சம் பேர். அக்கரைப்பற்றிலும் புத்தளத்திலும் மாவனல்லையிலும் எத்தனையோ பேர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பெயர் பதிந்துவிட்டு, வயது ஏற ஏறக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வாசல்தான். நமக்கு இன்னொன்றும் திறந்திருக்கிறது. பிரித்தானியா, ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் வசிப்பவர்களுக்கு முகவர் வழியாகப் போகும் முறையை சவூதி அரேபியா 2022இல் நிறுத்தியது. 2023 முதல் ‘நுசுக் ஹஜ்’ என்ற தளத்தில் நாமே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். அப்படியிருக்க, செலவு குறைகிறது என்பதற்காக இலங்கையின் 3,500இல் ஓர் இடத்தை நாம் எடுத்தால், அங்கே வரிசையில் நிற்கும் ஒருவருடைய பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. அந்த அடுத்த ஆண்டில் அவருக்கு உடல் நலம் இருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்?

செலவு மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. எங்களில் பலர் இலங்கைக் குழுவை நாடுவது கூட வரும் மார்க்க அறிஞரான மௌலவிக்காகத்தான். ஷாபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) வளர்ந்தவர்களுக்கு, கஃபாவைச் சுற்றிவரும் தவாபில் வரும் பெரிய கவலை, நெரிசலில் அந்நிய ஆண், பெண் கை பட்டு வுழூ (கை, முகம், கால் கழுவிப் பெறும் சுத்தம்) முறிந்துவிடுமே என்பது. இலங்கைக் குழுவென்றால் மௌலவி கொழும்பிலிருந்து புறப்படும் முன்பே அதற்குத் தமிழில் விளக்கம் சொல்லி, அந்த இடத்தில், தொட்டால் வுழூ முறியாது என்னும் ஹனபி மத்ஹபின் கருத்தை எப்படிப் பின்பற்றலாம் என்று எடுத்துக் காட்டிவிடுவார். நுசுக்கில் வாங்கும் பயணப் பொதியில் வழிகாட்டி இருப்பார். ஆனால் அவர் நம் மொழி பேசுபவராக, நம் மத்ஹப் தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊரிலுள்ள மௌலவி ஒருவரிடம் புறப்படும் முன்பே பாடம் கேட்டுக்கொண்டால் இதைத் தீர்த்துவிடலாம். பறிபோன ஓர் இடத்தை அப்படித் திருப்பிக் கொடுக்க முடியாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வயதான உம்மாவோ வாப்பாவோ இலங்கையிலிருந்து போகிறார், துணைக்குப் பிள்ளைதான் வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை இலங்கை வழியாகவே போகட்டும். நீங்கள் நுசுக்கிலும் உம்மா இலங்கை முகவரிடமும் பதிந்துவிட்டு, மக்காவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஹஜ் நாட்களில் தங்கும் மினாவில் முகாம்கள் தனித்தனியே பிரிக்கப்பட்டவை. எந்த முகாமுக்கு உங்கள் அட்டையோ அந்த முகாமில்தான் படுக்கை, அறபா மைதானத்துக்குப் போகும் பஸ், கல்லெறியப் போகும் நேரம் எல்லாம். முழங்கால் வலியோடு கழிப்பறை வரிசையில் நிற்கும் உம்மாவைத் தாங்கிப் பிடிக்க, வேறு முகாமிலிருக்கும் மகனால் முடியாது. இப்படித் துணைக்குப் போகும் பிள்ளை எடுக்கும் இடத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எந்த வழியானாலும் சில விடயங்களில் கவனம் வேண்டும். எந்தக் கடவுச்சீட்டில் பதிகிறீர்களோ அதில்தான் ஹஜ் விசா. இடையில் மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. முன்பு சவூதியில் வேலை செய்தவர்கள், அந்தக் காலத்துப் பிரச்சினை ஏதும் மீதமிருந்தால், புதிய கடவுச்சீட்டு அதை மறைத்துவிடும் என்று நம்பிப் போக வேண்டாம். விரலடையாளம் அங்கே பதிவில் இருக்கிறது. நுசுக் பொதியில் ஹோட்டல் ஹரமுக்கு (மக்காவின் பெரிய பள்ளிவாசலுக்கு) பக்கத்தில் என்று போட்டிருந்தாலும், எத்தனை இரவு அங்கே, எத்தனை இரவு தள்ளியிருக்கும் அஸீஸியாவில் என்பதைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அந்தப் பணம் சவூதி சேவை நிறுவனத்துக்குப் போகிறது. பிறகு முறையிட நம்மூரில் படியேறிப் போக ஓர் அலுவலகம் இருக்காது.

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு எளிதாகக் கிடைக்கும் சுற்றுலா விசாவை வைத்து மூன்றாவது வழி ஒன்று இருப்பதாகச் சிலர் ஆசை காட்டுகிறார்கள். அந்த விசாவில் சிறு யாத்திரையான உம்ரா செய்யலாம், ஹஜ் செய்ய முடியாது. அனுமதியில்லாமல் முயல்பவருக்கு 20,000 ரியால் வரை தண்டம் என்று 2025இல் சவூதி அறிவித்தது. தண்டம்கூடப் பெரிதல்ல. 2024 ஹஜ்ஜின் கடும் வெயிலில் இறந்த 1,301 பேரில் 83 சதவீதமானோர் அனுமதி பெறாதவர்கள். தங்க நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அந்த வழியைக் காட்டுபவர் உறவினராக இருந்தாலும் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள்.

திணைக்களத்துக்கும் இலங்கை அரசின் ஹஜ் குழுவுக்கும் உங்கள் பத்திரிகை மூலம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பதாரருக்கு வேறு நாட்டுப் பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள். இலங்கையில் வசிப்பவர்களுக்கும், அவர்களுடன் துணைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் முதலிடம் கொடுங்கள். இடம் மீதமிருந்தால் மட்டும் எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
இலண்டன்.