நேபாளம் போகுமுன் திருக்கடலூருக்கு ஒரு நன்றி மடல்

அன்பான உறவுகளுக்கு,

வருகிற வியாழன் இரவு ரயிலில் திருகோணமலையிலிருந்து வெளிக்கிடுகிறேன். கொழும்பிலிருந்து காத்மாண்டு, அங்கிருந்து பஸ்ஸில் சிந்துபால்சோக் மாவட்டம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்திலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்த மாவட்டம் அது. அங்குள்ள இளைஞர் நிலையம் ஒன்றில் ஒரு வருடம் தொண்டராக இருந்து பிள்ளைகளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்கப்போகிறேன். எல்லோரிடமும் வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. நாள் போதவில்லை.

"சம்பளமும் இல்லாமல் ஏன் பிள்ளை இவ்வளவு தூரம்?" என்று பலர் கேட்டீர்கள். நேபாள மலைக்கிராமங்களில் பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ கத்தாரிலும் மலேசியாவிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு ஒன்பது வயதில் அம்மா குவைத்துக்குப் போனா. வர நாலு வருடம் ஆனது. அந்த நாலு வருடமும் எனக்குத் தலை பின்னிவிட்டது பின்வீட்டு அக்கா. பின்னேரம் நாலரைக்குக் கடற்கரைக்குக் கூப்பிட்டுப் பந்து பழக்கியது கழகத்து அண்ணாமார். இருட்டும்வரை அந்த மணலில் நிற்கிற நேரம் மட்டும் அம்மாவைத் தேடாது. அப்படி ஒரு பின்னேரத்தை அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்க என்னால் முடியும் என்று நம்புகிறேன். எங்கள் நாட்டைப் போலவே நேபாளத்துக்கும் கரப்பந்தாட்டம்தான் தேசிய விளையாட்டு. 2017இல் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த நாளே எனக்கு அந்த ஊர் நெருங்கிவிட்டது.

வாடியில் வலை பொத்தும் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நிலையத்தில் இருப்பது கிழிந்த வலை ஒன்றுதான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "கண் எவ்வளவு வரவேணும்?" என்று மட்டும் கேட்டார். பத்து சென்ரிமீற்றர், சதுரம், ஒன்பதரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம் என்றேன். பலகைத் துண்டு ஒன்றை அளவுக்குச் சீவிக்கொண்டு அன்றிரவே தொடங்கிவிட்டார். மீன்வலையைத் தூக்கினால் கண் சாய்ந்து நீளும். பந்து வலையில் கண் சதுரமாகவே நிற்கவேண்டும். முதல் இரவு பின்னிய இரண்டு முழத்தையும் காலையில் தூக்கிப்பார்த்தார், பேசாமல் அறுத்துப் போட்டார். அப்புறம் மூலையில் ஒற்றைக் கண்ணில் தொடங்கி, வரிசைக்கு ஒரு கண் கூட்டி, அகலம் வந்ததும் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்து, குறுக்காகவே பின்னிக்கொண்டு போனார். கடலுக்குப் போகாத இரவுகளில், லாம்பு வெளிச்சத்தில், பதினொரு இரவு. நைலோன் நூலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. மாமா, கடலே இல்லாத அந்த நாட்டில் உங்கள் முடிச்சுகள் நிற்கப்போகின்றன.

அந்த வலைக்குத் தார்ப்பாய்த் துணியில் பை தைத்து, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸேறி வந்து கையில் தந்த தையற்கடை நானாவுக்கு நன்றி. சீட்டில் தன் முறையை எனக்கு விட்டுத்தந்த மூன்றாம் ஒழுங்கை அக்காவுக்கு நன்றி. அந்தக் காசில்தான் விமானச் சீட்டு எடுத்தேன். மகளின் சாமத்தியச் சடங்குக்கு அவ வைத்திருந்த காசு அது என்று எனக்குத் தெரியும். நேபாளிக்கும் தேவநாகரி எழுத்துத்தான் என்று சொல்லி, பூசை முடித்துக் களைத்த நேரத்திலும் எனக்கு எழுத்துப் பழக்கிய கோயில் ஐயாவுக்கு நன்றி. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் பிழையாக விழுந்திருந்தது. அதைத் திருத்த ஐந்து தரம் அலைந்தபோது ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தன் கையால் எழுதித்தந்தார் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர். பெயரைப் போடவேண்டாம் என்றிருக்கிறார், சரி சேர். நுவரெலியாவிலிருந்து கம்பளிச் சட்டை அனுப்பிய தோழிக்கும் என் அன்பு.

என்னிடம் பழகும் பிள்ளைகளே, பின்னேரப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மூத்தவளிடம் பந்தும் பம்பும் கொடுத்திருக்கிறேன். மழை நாளிலும் ஒரு சுற்று ஓடுங்கள்.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து மூன்று பையில் கட்டிவைத்திருக்கிறா. "அங்கேயும் பசுபதிநாதர் இருக்கிறார்தானே" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறா, என்னிடம் மட்டும் சொல்லவில்லை. முன்பு அவ போனா, நான் படலையில் நின்றேன். வியாழன் ஸ்டேஷனுக்கு வருகிறவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன்: ரயில் போனதும் அம்மாவைத் தனியே விடாமல் வீடுவரை கூட்டிக்கொண்டு போங்கள். அன்றிரவு யாராவது அவவோடு படுத்துக்கொண்டால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பிள்ளை
திருக்கடலூர், திருகோணமலை