பல் சிகிச்சைக் குறிப்புத் தாள் தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, அந்தக் குழியில் எலும்புத்தூள் வைத்துத் தைக்கும் சிகிச்சையை (மருத்துவர்கள் இதை போன் கிராஃப்ட் என்கிறார்கள்) சென்ற மாதம் அருகிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்துகொண்டேன். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பல் போன இடத்தில் தாடை எலும்பு நாளாக நாளாகக் கரையும். முதல் ஓராண்டிலேயே அதன் அகலம் ஏறத்தாழப் பாதியாகிவிடக்கூடும் என்பதால், பின்னால் இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) பொருத்த எலும்பு மிச்சமிருக்க வேண்டுமென்று இந்தத் தூளை வைக்கிறார்கள். மாட்டெலும்பிலிருந்து பக்குவப்படுத்திய தூளும் உண்டு, கால்சியம் பாஸ்பேட்டில் செயற்கையாகச் செய்ததும் உண்டு; சைவக் குடும்பத்தினர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. குழியில் உறைந்த இரத்தம் கலையாமல் இருந்து, அதற்குள் புதிய இரத்தக் குழாய்கள் பரவி, தூள் இருக்கும் இடத்தில் எலும்பு வளர்ந்து இறுகச் சில மாதங்கள் ஆகின்றன. மருத்துவர் செய்த வேலை நிலைக்குமா என்பதில், நோயாளி வீட்டில் கழிக்கும் முதல் சில நாட்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த நாட்களுக்கான குறிப்புகள் முழுவதும், தாளின் இரு பக்கமும், பொடி எழுத்தில் மலையாளத்தில் இருந்தன. செவிலியர் ஏதோ வாசித்துக் காட்டினார்தான். ஆனால் பாதி முகம் மரத்து, பல்லிடுக்கில் காஸ் துணியைக் கடித்துக்கொண்டு, கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு அதில் எவ்வளவு மனத்தில் தங்கும்?

மறுநாள் காலை, பல் பிடுங்கினால் எங்கள் வீட்டில் என்றும் செய்வதைச் செய்தேன். சுடச்சுட உப்புத் தண்ணீரை வாய் நிறைய வைத்துக் கொப்பளித்து முற்றத்தில் ஓங்கித் துப்பினேன். இரத்தத்தோடு ரவை போன்ற வெள்ளைப் பொடி நாலைந்து விழுந்தது. மலையாள வழியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, தாளை எடுத்து இரண்டாம் வரியை உரக்க வாசித்தாள்: இருபத்திநாலு மணி நேரம் துப்பருது, அதாவது துப்பக் கூடாது. பிறந்தது முதல் காதில் விழுந்துவரும் மொழி. வாசித்த அந்தக் கணமே விளங்கிவிட்டது. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்கள் இப்பக்கம் பலரும் இப்படித்தான்.

அவள் வாசிக்க வாசிக்க, முந்தின நாளிலிருந்து செய்த பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பக்கத்து வீட்டார் அன்போடு வெட்டித் தந்த இளநீரை உறிஞ்சுகுழலில் குடித்திருந்தேன். உறிஞ்சும் வேகத்தில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடக்கூடும் என்று தாளில் இருந்தது. வீக்கத்துக்கு என் மனைவி சுடு ஒத்தடம் கொடுத்திருந்தாள். முதல் நாள் வைக்க வேண்டியதோ துணியில் சுற்றிய பனிக்கட்டி, அதுவும் கன்னத்தின் வெளிப்புறம், இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுத்து. இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும் என்பது முன்பே தெரிந்திருந்தால், அன்று காலை கண்ணாடியைப் பார்த்துப் பயந்திருக்க மாட்டேன். தலையணை இரண்டு வைத்துப் படுப்பது, ஆறிய கஞ்சியையும் குழைத்த தயிர்ச் சோற்றையும் மறு பக்கத்தால் உண்பது, ஒரு நாள் கழிந்த பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தானாக வழியவிடுவது, புகையிலையைத் தொடாமல் இருப்பது எல்லாம் அதில் இருந்தன. வெற்றிலைப் பெட்டியை மனைவி அன்றே பரணில் ஏற்றிவிட்டாள்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டபோது, பொடி சிறிது உதிர்வது வழக்கம்தான் என்றும், சுத்தமான காஸை மடித்து அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கும்படியும், இரத்தம் நிற்காவிட்டாலோ, மூன்று நாளுக்குப் பின்னும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சலும் சீழும் கண்டாலோ உடனே வரும்படியும் சொன்னார்கள். நல்லவேளையாக இரத்தம் நின்றது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. தனியார் மருத்துவமனையை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்பதை அறிவேன். ஆனால் வாசலில் விளம்பரப் பலகையைத் தமிழிலும் எழுதி வைப்பவர்கள், அறுவைக்குப் பிந்திய ஒரு தாளைத் தமிழில் அச்சிட்டுத் தர முடியாதா? எல்லையோர அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளிலும் இதைச் செய்யும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

பேத்தி வாசிக்க நான் எழுதிய தமிழ்த் தாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. எலும்பு பிடித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க நான்காம் மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று அதன் நகலை மருத்துவரிடமே கொடுத்து, சரிபார்த்துத் தரக் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.