வால்வு செட்டுகளோடு ஓர் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பழைய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த கண்ணாடிக் குழாய்) செட்டுகளைப் பழுது பார்க்கும் நம் சங்கத்தில் இந்த ஆண்டு 31 பேர் இருக்கிறோம். மாதக் கூட்டம் 9 முறை நடந்தது. சித்திரையிலும் ஆடியிலும் கோயில் கொடைகளுக்கு மைக் செட் கட்டப் போகிறவர்கள் நம்மில் பலர் என்பதால் அந்த மாதங்களில் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பழுது பார்க்க வந்தவை 22 செட்டுகள். பெரும்பாலும் பழைய மைக் செட் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள், சில வீட்டு ரேடியோகிராம்கள் (ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்தவை). 17 பாடுகின்றன. 3 செட்டுகள் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கின்றன. மீதி 2 செட்டுகளில், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது. அந்த இரண்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களுமே நம்மிடம் வருவதற்கு முந்தின நாள் வரை நன்றாக இருந்தவை.

முதல் செட் முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. ‘பாடுகிறதா பார்ப்போமே’ என்று நேராகப் பிளக்கில் சொருகியிருக்கிறார்கள். முன் வால்வின் பிளேட்டுக்கும் (கரண்ட் வந்து சேரும் தகடு) அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கும் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) நடுவே இருக்கும் காகிதக் கண்டென்சர் ஈரம் வாங்கிக் கசியத் தொடங்கியிருக்கும். மைனஸில் நிற்க வேண்டிய கிரிட் அப்போது பிளஸ் பக்கம் போய்விடும். வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுத்து, பிளேட் செக்கச் சிவந்து, கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுப் பக்கத்துச் சுற்றான பிரைமரியின் மெல்லிய கம்பி அறுந்துபோகும். பத்து ரூபாய் கண்டென்சரை முதலில் மாற்றியிருந்தால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்றைக்கும் இருந்திருக்கும். இரண்டாவது செட்டை, ஸ்பீக்கர் இணைக்காமலே வால்யூமை முழுசாகத் திறந்து சோதித்திருக்கிறார்கள். வால்வு செட்டில் லோடு இல்லாவிட்டால் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷனைத் துளைத்துவிடும்.

அதனால் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு சீரிஸ் லாம்ப் போர்டு செய்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செட்டுக்கு வரும் லைனில் 60 வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டால் போதும். பல்ப் ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் மேற்கொண்டு பார்க்கலாம். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. அப்புறம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ‘டப்’ என்று ஷார்ட் செய்யும் பழக்கம் நம்மிலேயே சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை மாட்டி மெதுவாக இறக்குங்கள், மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

லைன் வோல்டேஜையும் சொல்ல வேண்டும். 220 வோல்ட் டேப்பிங்கில் (லைன் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றும் இணைப்பு) வைத்த செட்டுக்கு நம் ஊரில் சில நேரம் 245 வருகிறது. வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போனால் வால்வின் ஆயுள் குறையும். 240 டேப்பிங் இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வால்வு கிடைப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஈஎல் 84, ஈஎல் 34 ஆகிய அவுட்புட் வால்வு வகைகளை எல்லாம் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இன்னும் புதிதாகச் செய்கிறார்கள். பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரித்த பழைய ஈஎல் 84 எங்கே கிடைத்தாலும் வாங்கி வையுங்கள், அருமையான வால்வு. கண்டென்சர்தான் ஏமாற்றியது. வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கிய 450 வோல்ட் கண்டென்சர்களில் நான்கைப் பிரித்துப் பார்த்தோம், பெரிய கூட்டுக்குள் சின்னக் கண்டென்சர். இனி மொத்தமாக வாங்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்த்த பிறகே மீதிக்குப் பணம் கொடுப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது.

நமக்கெல்லாம் காயில் கட்டக் கற்றுத்தந்த மூத்த உறுப்பினர் அண்ணாச்சி கார்த்திகையில் மறைந்தார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரியைப் பிரித்து, நடுவில் ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்றான செகண்டரியை வைத்து அடுக்கடுக்காகச் சுற்றினால்தான் மேல் ஸ்தாயி தெளிவாக வரும் என்பார். சுற்றும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பும் என்று ரேடியோவைக்கூட நிறுத்திவிடுவார். அவர் பிரித்த ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று எண்ணிக்கையையும் கம்பியின் கேஜையும் (தடிமனையும்) எழுதி வைத்த இரண்டு நோட்டுகளை அவர் வீட்டார் நமக்குத் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஓரங்கள் நைந்துபோயிருப்பதால் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்துவிட்டோம்.

எரிந்துபோன இரண்டில் ஒன்றின் அளவு அந்த நோட்டில் இருக்கிறது. இளைய உறுப்பினர்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிரைமரியில் முதல் பாதி முடிந்திருக்கிறது. மீதிக்கான கம்பியும் இன்சுலேஷன் தாளும் வாங்க ரூ. 1,800 ஒதுக்கவும், இந்த அறிக்கையை ஏற்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்