சூசையப்பரைச் சுமந்துகொண்டு போனவர்கள்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. மாடி வேலை சென்ட்ரிங்கோடு நிற்கிறது, கொத்தனார் போனையே எடுப்பதில்லை என்று புலம்பியிருந்தாய். அதைப் படித்த மறுவாரமே, இருநூறு வருஷமாக முடியாமல் நிற்கிற ஒரு மணிக்கூண்டுக்கு அடியில் போய் நின்றேன். உன் நினைப்புதான் வந்தது, போ.

துமக்காக்கொரி என்று பெயர். பாதிரியார்கள் வேதம் பரப்ப அமைத்த பழைய மிஷன் கோவில். அமெரிக்காவின் அரிசோனாவில் டூசானுக்குத் தெற்கே, மெக்சிகோ எல்லைக்குப் பக்கம். சுற்றிலும் கள்ளியும் முள்மரமும். சாந்தா குரூஸ் ஆற்றோரம் மட்டும் கொஞ்சம் பச்சை. 1691-ல் கீனோ என்ற சேசு சபைப் பாதிரியார் இங்கே வந்தபோது, அங்கேயே வாழ்ந்த ஓஓதாம் பழங்குடி மக்கள் அவருக்காக மூன்று பந்தல் போட்டு வைத்திருந்தார்களாம். பூசைக்கு ஒன்று, படுக்க ஒன்று, சமையலுக்கு ஒன்று. எனக்கு அந்தச் சமையல் பந்தல்தான் பிடித்தது. ஆனால் உறவு அப்படியே இருக்கவில்லை. 1751-ல் அதே மக்கள் ஸ்பானியர்களுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அது அடங்கிய பிறகு ஊர் ஆற்றுக்கு மேற்குக் கரைக்கு மாறியது, சூசையப்பர் பெயரும் வந்தது. 1767-ல் ஸ்பெயின் அரசர் சேசு சபையையே துரத்திவிட்டார். அடுத்து பிரான்சிஸ்கன் சபையார் வந்தார்கள்.

இப்போது நிற்கிற கோவிலை 1800 வாக்கில் ஆரம்பித்தவர் நார்சிசோ குத்தியேரெஸ் என்ற பாதிரியார். சுடாத மண்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு உதிர்ந்த இடத்தில் பார்த்தால் நம்ம ஊர் பழைய மண்சுவரேதான். காசு வரும், வேலை நடக்கும். காசு நிற்கும், வேலை நிற்கும். இருபது வருஷம் இழுத்து, கோவில் முடிவதைப் பார்க்காமலேயே 1820-ல் அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்தவர் 4,000 மாடுகளை விற்றார். வாங்கினவனோ முன்பணத்தோடு சரி, மீதியை இழுத்தடித்தான். வேலையாட்கள் மறுபடி கிளம்பிவிட்டார்கள். பிறகு ஒருவழியாகப் பூசை வைக்கிற அளவுக்குக் கோவில் தேறியது. மணிக்கூண்டு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் கல்லறைத் தோட்டத்தில் வட்டமாக ஒரு சிற்றாலயம், அதற்கும் கூரை போடவில்லை.

இவ்வளவு பஞ்சப்பாட்டு பாடின கோவிலில் பாதிரியார்கள் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனதாகப் பிற்காலத்தில் ஒரு புரளி. புதையல் தேடி வந்தவர்கள் தரையையே தோண்டிப் போட்டார்கள். மாட்டுக்காசுக்கு வழியில்லாமல் அலைந்த இடமடா அது! 1908-ல் அமெரிக்க அரசாங்கம் பாதுகாப்புக்கு எடுத்த பிறகுதான் சுவராவது மிஞ்சியது.

ஊர் காலியானது 1848 டிசம்பரில். அப்பாச்சி என்ற இன்னொரு பழங்குடியினரின் தாக்குதல், போதாததற்குக் கொடுங்குளிர். பாதிரியார் அங்கே தங்கியிருந்த காலமெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. அப்போது இந்தப் பகுதி மெக்சிகோவிடம் இருந்தது. 1828-ல் மெக்சிகோ, ஸ்பெயினில் பிறந்தவர்களை வெளியேற்றியபோது கடைசியாக இருந்தவரும் போய்விட்டார். மிச்சமிருந்த கொஞ்சம் பேர் சுரூபங்களை எடுத்துக்கொண்டு வடக்கே இன்னொரு மிஷனுக்குப் போனார்கள். அந்தக் கோவில் யாருடையது தெரியுமா? உன் பேர்கொண்டவருடையதுதான். மணப்பாட்டுக் குகையில் இருந்தார் என்று உன் ஆச்சி சொல்வாரே, அதே சவேரியார்.

நான் கூரையில்லாத அந்தச் சிற்றாலயத்துக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஓணான் சுவரேறி வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

கொத்தனார் வந்தாரா? எழுது. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ராசு